நட்டுவாக்காலிக்கு இரண்டாம் பாகம்

தண்ணீர் லாரி ஓட்டும்போது ஆல்வினுக்கு ஒரு கண் ரோட்டிலும் ஒரு கண் செல்போனிலும் இருந்தது. மேடவாக்கம் கூட்டு ரோட்டில் அப்படி வண்டி ஓட்டுவது எமனுக்கு மிஸ்டு கால் கொடுப்பதற்குச் சமம். அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் சிக்னலில் நின்றால் போன், தொட்டியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தால் போன், டீ குடித்தால் போன். அவன் வில்லனாக நடித்த படத்துக்கு இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று அறிவித்த நாளிலிருந்து இந்த வியாதி. போன் என்னவோ கல்லுப்பிள்ளையார் மாதிரி கம்மென்று கிடந்தது.

அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி தனசேகர் கேட்டைத் திறக்கும்போதெல்லாம் அதே கேள்வி.

"இன்னா நட்டுவாக்காலி, ஷூட்டிங் எப்போ?"

"கூப்டுவாங்கண்ணா."

"நீ இல்லாம எப்டி எடுப்பாங்க? கதையே உன் மேலதான கீது!"

அதுதான் ஆல்வினும் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஆல்வினை உங்களுக்குத் தெரியாது. ஆனால் அவன் அடி வாங்கி நீங்கள் கைதட்டியிருப்பீர்கள். கதாநாயகன் முதல் உதை விட்டதும் ஒருத்தன் பறந்துபோய்த் தக்காளி வண்டியில் விழுவான் பாருங்கள், அவன்தான். இன்னொருத்தன் முதுகால் பூக்கடைப் பந்தலைக் கிழித்துக்கொண்டு போவான், அவனும் இவன்தான். சினிமாவில் இவர்களுக்குப் பெயர் ஃபைட்டர். கோவிலம்பாக்கத்தில் பிறந்து, மீசை முளைத்த காலத்திலிருந்து அடி வாங்கியே குடும்பம் நடத்தியவன். ஷூட்டிங் இல்லாத நாளில் லாரி. படம் வந்தால் அம்மா ஞானம்மாள் தியேட்டருக்குப் போய்த் திரையை உற்றுப் பார்ப்பாள். மகன் முகம் ஒருநாளும் தெரியாது. "தோ, அவன் காலு! என் புள்ள காலு எனக்குத் தெரியாதா?" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் காட்டுவாள். பாதத்தைக் காட்டிப் பெருமைப்பட்ட தாய் தென்சென்னையில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

முகம் தெரியவேண்டும் என்று அவனுக்கு ஆசை இல்லையா என்றால், இருந்தது. பசிபோல இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆசை ஒரு முறை பலித்தது. குத்துவரிசைப் பயில்வான்களைப் பற்றிய படம். கதாநாயகனுக்கு எதிராளியாக நடிக்க வேண்டிய வெளிமாநில நடிகர் கடைசி நேரத்தில் கால்ஷீட் இல்லை என்று கையை விரித்துவிட்டார். செட் போட்டாயிற்று, ஆள் இல்லை. ஃபைட் மாஸ்டர் வீராசாமி டைரக்டரிடம் போய், "நம்ம ஆல்வினு கீறான் சார். மூஞ்சி புதுசு, அடி பழசு" என்றார். அப்படித்தான் ஆல்வின் 'நட்டுவாக்காலி' என்கிற வில்லன் ஆனான்.

அந்தப் பெயருக்கு ஒரு காரணம் உண்டு. முன்பொரு படத்தில் மாடியிலிருந்து விழுந்ததில் ஆல்வினுக்கு வலது தோள் கழன்று மாட்டியது. அதிலிருந்து கையைத் தோளுக்கு மேலே தூக்க வராது. குத்துவரிசையில் ஓங்கிக் குத்தாமல் எப்படிச் சண்டை போடுவது? வீராசாமி மாஸ்டர் இரவெல்லாம் யோசித்தார். கதாநாயகன் நிமிர்ந்து நின்று ஓங்கி அடிப்பான், இவன் குனிந்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, இரண்டு முன்கைகளையும் குறுக்கே போட்டு எதிராளியின் மணிக்கட்டைக் கவ்வித் திருகுவான் என்று சண்டையையே மாற்றிவிட்டார். நட்டுவாக்காலி கொடுக்கால் பிடிக்கிற மாதிரி இருக்கிறதே என்று டைரக்டர் குதித்தார். தோளில் இருந்த ஊனம் திரையில் ஸ்டைல் ஆகிவிட்டது.

படத்தின் முடிவில் நட்டுவாக்காலி செத்துப்போவான். கொட்டுகிற மழையில் பாடையில் கிடத்தி, மூக்கில் பஞ்சு வைத்து, மாலை போட்டு எடுத்தார்கள். சினிமாக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பிணமாக நடித்தவன் சும்மா எழுந்து போகக்கூடாது. கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். இது பொய்ச் சாவு, கணக்கில் எழுதாதே என்று எமனுக்குச் சொல்வது மாதிரி. அதையும் கேமராவில் எடுப்பார்கள். யாரும் அதைப் படத்தில் சேர்ப்பதில்லை. ஆல்வின் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், இருந்தாலும் இந்த விஷயத்தில் வீராசாமி மாஸ்டரை மீறிய ஆள் கிடையாது.

"சிரிச்சிட்டு எந்திரிடா."

ஆல்வின் கண்ணைத் திறந்து சிரித்தான். முந்தின நாள் சண்டையில் உதடு ஒரு பக்கம் வீங்கியிருந்ததால் மறுபக்கம் மட்டும்தான் மேலே போனது. பூசணிக்காய் உடைத்தார்கள், எல்லோரும் பொங்கல் சாப்பிடப் போனார்கள்.

எடிட்டிங்கில் ஜீவிதா என்று ஒரு பெண் அப்போதுதான் உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். படம் வெளியாகிற வாரம், எடிட்டர் வீட்டில் கல்யாணம். எல்லாம் இவள் தலையில். பிணம் கண்ணைத் திறந்து கோணலாகச் சிரிக்கிற அந்தத் துண்டு அவள் கண்ணில் பட்டது. இந்தப் பழக்கமெல்லாம் அவளுக்கு யார் சொன்னார்கள்? ஆகா, டைரக்டர் இரண்டாம் பாகத்துக்கு அடி போடுகிறார் என்று நினைத்து, பெயர்கள் ஓடி முடிந்ததும் கடைசியில் ஒட்டிவிட்டாள். அவசரத்தில் யாரும் பார்க்கவில்லை.

முதல் காட்சியில் ஜனங்கள் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். திரையில் பிணம் சிரித்தது. ஓடியவர்கள் திரும்பி வந்து கத்தினார்கள் பாருங்கள், டைரக்டருக்கு முதலில் நெஞ்சே அடைத்துவிட்டதாம். ஜீவிதாவைத் திட்டுவதற்குப் போனை எடுத்தவர், விசில் சத்தத்தைக் கேட்டு மெதுவாகப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் பேட்டியில், "கதையில நான் முதல்ல எழுதினதே அந்தச் சிரிப்பைத்தான்" என்றார். சினிமாவில் பொய் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். அது அவரிடம் லாரி லாரியாக இருந்தது.

அடுத்த ஒரு வருஷம் ஆல்வின் ராஜா. தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் கூடியது. சலூனில் அவன் சிரிப்பைப் போட்டோவாக ஒட்டினார்கள். மனைவி ஜான்சியின் பெரியப்பா, கல்யாணத்தன்று மாப்பிள்ளையைப் பார்த்து மூக்கைச் சுளித்தவர், தெருமுனை வரை வந்து வரவேற்றார். இரண்டாம் பாகம் உறுதி என்றதும் தெருவே அவனுக்காகக் காத்திருந்தது. காத்திருப்பது மற்றவர்களுக்குப் பொழுதுபோக்கு, அவனுக்கு வயிற்றில் நெருப்பு.

அப்புறம் ஒரு நாள் போஸ்டர் வந்தது. கறுப்புப் பின்னணியில் இரண்டு கண்கள் மட்டும். 'நட்டுவாக்காலி வருகிறான்' என்று கீழே எழுத்து.

ஞானம்மாள் ஜான்சியின் போனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது உன் கண்ணு இல்லடா" என்றாள்.

"கிராபிக்ஸா இருக்கும் அத்தே" என்றாள் ஜான்சி. அவள் மேடவாக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கெட்ட சேதியைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பழகிய குரல் அது. ஆல்வினுக்கு அந்தக் குரல் தெரியும். பாத்ரூமுக்குள் போய்க் கண்ணாடியில் தன் கண்ணையும் போனில் இருந்த கண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். பெற்றவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

விடிந்ததும் தாம்பரத்துக்கு ஓடினான். ரயில்வே கிரவுண்டில் வீராசாமி மாஸ்டர் பையன்களுக்குப் பல்டி கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும் காலில் இல்லாத ஷூ லேஸைக் கட்டுகிற மாதிரி குனிந்தார். செருப்புதான் போட்டிருந்தார்.

"மாஸ்டர், போஸ்டர் பாத்தேன்."

"நானும் பாத்தேன்."

"அது யாரு கண்ணு?"

மாஸ்டர் நிமிர்ந்தார். "டேய், கதைய கேளு. உன்னைப் பாடையோட கொளுத்துறாங்க. நீ பாதில எந்திரிச்சி ஓடிடுற. ஆனா மூஞ்சி வெந்துடுது. வெளிநாட்டுக்குப் போயி ஆபரேஷன் பண்ணிக்கினு வேற மூஞ்சியோட வர்ற."

"அந்த மூஞ்சி?"

"பாம்பேலேந்து வருது."

கிரவுண்டைத் தாண்டி பீச் ரயில் ஒன்று போனது.

"அப்ப நான் இன்னா மாஸ்டர்?"

"ஒடம்பு நீதான்டா. அந்த ஆளுக்கு அடி கத்துக் குடுக்கணும், கஷ்டமான ஷாட்டுக்கு டூப் போடணும். உன்ன விட்டா அத எவன் செய்வான்? நான் இன்னா பண்றது சொல்லு, புரொடியூசருக்கு வடக்கயும் படம் ஓடணும்."

வீட்டில் ஜான்சி கொதித்தாள். "முடியாதுன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதான? உங்க சிரிப்ப வச்சி படம் எடுத்துக்கினு, உங்க மூஞ்சி வேணாமாமா?"

"நான் மாட்டேன்னா வேற எவனாவது என் அடிய எடுத்துக்குவான். அத என்னால பாக்க முடியாது."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அதோடு நிற்கவில்லை, அடுத்தவனுக்கு ஊட்டி வேறு விட வேண்டும்.

மும்பை நடிகர் வந்தார். ஆல்வின் அவரை வெறுப்பதற்குத் தயாராகப் போயிருந்தான். அந்த மனுஷன் அதற்கும் வழி விடவில்லை. விடியற்காலையில் முதல் ஆளாக வந்து நின்றார். வந்ததும் "வணக்கம் ஆல்வின் அண்ணா" என்று கையைப் பிடித்தார். விழுந்தார், எழுந்தார், முகம் சுளிக்கவில்லை. தொல்லை ஒன்றுதான். அவருக்குத் தோள் நன்றாக இருந்தது. குத்து வரும்போதெல்லாம் கை தானாக மேலே போயிற்று. கடைசியில் ஆல்வின் ஒரு துண்டால் அவருடைய வலது முழங்கையை இடுப்போடு கட்டிவிட்டான். இரண்டு வாரம் கட்டிய கையோடு சண்டை போட்டதும்தான் நட்டுவாக்காலியின் பிடி அவருக்கு வந்தது.

"அண்ணா, இது எந்த ஊரு ஸ்டைல்?" என்று கேட்டார். தோள் கழன்ற கதையைச் சொல்ல ஆல்வினுக்கு மனம் வரவில்லை.

"கோவிலம்பாக்கம் ஸ்டைல் சார்."

அவர் அதை அப்படியே நம்பி, கோவிலம்பாக்கத்தில் பரம்பரை பரம்பரையாக வந்த ரகசியப் போர்க்கலை என்று ஒரு டிவியில் பேட்டி கொடுத்துவிட்டார். ஊரே சிரித்தது. ஆல்வினும் சிரித்தான். சிரித்துவிட்டு லாரிக்குள் போய் உட்கார்ந்தவனுக்கு அடக்க முடியாத ஆத்திரம் வந்தது. தன் கையின் வலி கூட இன்னொருவன் முகத்தோடு டிவியில் வருகிறதே என்று இருந்தது. அன்று ஒரே அபார்ட்மென்டுக்கு இரண்டு முறை தண்ணீர் விட்டு, இன்னொரு அபார்ட்மென்டைக் காயப் போட்டுவிட்டான்.

கிளைமாக்ஸ் சண்டை திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில். மூடிக்கிடந்த ஒரு வெல்டிங் ஷெட்டை வாடகைக்கு எடுத்துச் செட் போட்டிருந்தார்கள். சண்டை முழுவதையும் வெட்டாமல் ஒரே ஷாட்டாக எடுக்க டைரக்டருக்கு ஆசை. முதல் பாதியை மும்பை நடிகர் போடுவார். சண்டை போட்டுக்கொண்டே ஒரு தூணுக்குப் பின்னால் போவார், அங்கே அதே சட்டையில் ஒளிந்திருக்கும் ஆல்வின் மறுபக்கமாக வெளியே வருவான். அதன்பிறகு கதாநாயகன் அவனைத் தூக்கி ஷெட்டின் நடுவே நிற்கிற பெரிய கண்ணாடிச் சுவரின் மேல் எறிவான். சுவர் நொறுங்கும், ஆல்வின் அந்தப் பக்கம் விழுவான். அத்தோடு கட். அந்தக் கண்ணாடிச் சுவர் ஒன்றுதான் இருந்தது. உடைந்தால் உடைந்ததுதான், இன்னொன்று செய்து வருவதற்குள் கதாநாயகன் வேறு படத்துக்குப் போய்விடுவார். அதனால் ஒத்திகையெல்லாம் கண்ணாடி இல்லாமலே நடந்தது.

ஒத்திகையில்தான் அந்த எண்ணம் ஆல்வினுக்குள் நுழைந்தது. நுழைந்தது வெளியே போகவே இல்லை.

கண்ணாடி உடைகிற நேரத்தில் கேமரா அவனுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தில் இருக்கும். டூப் போடுகிறவன் முகத்தை மறைத்துக்கொண்டு விழ வேண்டும் என்பது சட்டம். மறைக்காமல், நிதானமாகத் திரும்பி, லென்ஸை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே விழுந்தால்? மறுபடி எடுக்க முடியாது. கிராபிக்ஸில் முகத்தை மாற்றலாம் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. மாற்றட்டும். மாற்றுவதற்காகவாவது அவன் முகத்தை யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டுமே!

ஜான்சியிடம் சொன்னான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"யூனியன்ல கார்ட புடுங்கிடுவானுங்க" என்றான். "மாஸ்டருக்கும் கெட்ட பேரு. இனிமே எவனும் கூப்ட மாட்டான்."

ஜான்சி ரொம்ப நேரம் ஒரே சட்டையை மடித்தாள்.

"திரும்புங்க" என்றாள். "லாரி கீதுல்ல. நாமளும் சாவுறதுக்குள்ள ஒருதபா உங்க மூஞ்சிய அவனுங்க பாக்கட்டும்."

ஷூட்டிங் அன்று காலையில் ஆல்வினுக்கு இட்லி இறங்கவில்லை. ஷெட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது. தூணுக்குப் பின்னால் போய் நின்றான். திரும்பு, கண்ணைத் திறந்து வை, லென்ஸைப் பார். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் மாதிரி அதையே சொல்லிக்கொண்டான். மும்பை நடிகர் அவன் தோளைத் தட்டி, "பாத்து அண்ணா" என்றார். அந்த நேரத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று கூட இருந்தது.

"ஆக்‌ஷன்!"

சண்டை தொடங்கியது. காலடிச் சத்தம் நெருங்கியது. மும்பை நடிகர் மூச்சு வாங்கத் தூணுக்குப் பின்னால் வந்து விழுந்தார், ஆல்வின் வெளியே பாய்ந்தான். ஒரு பிடி, ஒரு திருகல். கதாநாயகன் உதறிக்கொண்டு அவன் இடுப்பைப் பிடித்தார். இதோ, இப்போது. கால் தரையை விட்டது. கண்ணாடி முதுகில் பட்டது. கேமராவின் கறுப்பு வட்டம் ஓரக்கண்ணில் தெரிந்தது.

பெரிய சத்தம். கண்ணாடி மழையாகக் கொட்டியது. ஆல்வின் மெத்தையில் கிடந்தான்.

"கட்! கட்! கட்!"

கைதட்டல் ஷெட்டின் தகரக் கூரையை அதிரவைத்தது. டைரக்டர் ஓடி வந்தார். வீராசாமி மாஸ்டர் கண்ணாடித் துண்டுகளை மிதித்துக்கொண்டே வந்து அவனைத் தூக்கிக் கட்டிப்பிடித்தார். மனுஷனுக்குக் கண்ணில் தண்ணீர். "இன்னாடா போட்ட போடு! ஒரு நூல் மூஞ்சி தெரியலடா! டூப்புன்னா இதான்டா டூப்பு!"

ஆல்வினுக்குப் புரியவில்லை. தான் திரும்பினோம் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். எழுந்து, யாரையும் கேட்காமல் மானிட்டர் முன்னால் போய் நின்றான். "சார், ஒருதபா போட்டுக் காட்டுங்க சார்" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் அப்படிக் கேட்டது கிடையாது. டைரக்டர் சந்தோஷமாகவே போடச் சொன்னார்.

திரையில் அவன் பறந்தான். கண்ணாடியில் மோதுகிற நேரத்தில் தலை கேமரா பக்கம் லேசாகத் திரும்பத் தொடங்கியது. காது தெரிந்தது. தாடை விளிம்பு தெரிந்தது. அவ்வளவுதான், அதற்குமேல் கழுத்து வெடுக்கென்று மறுபக்கம் திரும்பி, முகம் தோளுக்குள் புதைந்துகொண்டது. கை வேறு குறுக்கே வந்து மிச்சத்தையும் மூடியது. யாரும் பிடித்துத் திருப்பவில்லை. இத்தனை வருஷம் மறைத்து மறைத்துப் பழகிய கழுத்து, மறைக்காதே என்று அவன் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை.

மறுபடி போடச் சொன்னான். மறுபடியும் அதேதான்.

டைரக்டர் மேலோ மும்பைக்காரர் மேலோ கோபம் வந்திருந்தால் திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். சொந்தக் கழுத்தின் மேல் வந்த கோபத்தை எங்கே போய்ச் சொல்வது? அவன் ஷெட்டுக்கு வெளியே வந்து, லேத் பட்டறைகளுக்கு நடுவே இருந்த சந்தில் நின்றான். முடியில் இன்னும் கண்ணாடித் தூள் இருந்தது. போன் அடித்தது. ஜான்சி, டியூட்டிக்கு நடுவில்.

"இன்னாங்க, எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க."

"திரும்புனீங்களா? மூஞ்சி தெரிஞ்சிச்சா?"

"தெரியல."

"ஏன், தெரிஞ்சிக்கினு வேற ஆள வச்சி எடுத்துட்டானுங்களா? யாருங்க வுடல உங்கள?"

உள்ளேயிருந்து மாஸ்டர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. உள்ளே கொண்டாட்டம் இன்னும் ஓயவில்லை.

"அவங்க எல்லாம் ஒன்னும் பண்ணல ஜான்சி" என்றான் ஆல்வின். "நான்தான் மறைச்சிக்கினேன்."